வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை

அந்தத் தெருவில் சலூன் வைத்திருந்தவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஆரம்பிக்கிற பேச்சு சாயங்காலம் இறக்கும்வரை நிற்காது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அதைக் கையெழுத்துப் போடும்போது மட்டும் எடுத்து உபயோகிப்பார்.

பேச்சுக்கு அடுத்தபடியாக அவருடைய சொத்து தொப்பைதான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடை நாற்காலியில் தலை சாய்க்கிற கட்டை என்றைக்கோ உடைந்து போனது. புதிது மாட்டணும், மாட்டணும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவர், அதுவரைக்கும் ஆகட்டுமே என்று, சவரத்துக்கு வருகிறவரின் தலையைத் தன் வயிற்றில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கத்தியைப் போட்டார். வந்தவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. மெத்தென்று இருக்கும். அவர் மூச்சு இழுத்து விடும்போது லேசாக ஏறி இறங்கும். ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர், வீட்டில் பொட்டுத் தூக்கம் இல்லாத மனிதர், ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து ரேடியோவின் வயிற்றில் தலைவைத்துக் குறட்டை விட்டுவிட்டுப் போவார். "உன் கத்திக்கு யாருய்யா காசு குடுக்குறா? நான் உன் வயித்துக்குக் குடுக்குறேன்" என்பார்.

அப்பேர்ப்பட்ட வயிற்றில்தான் ஓட்டை போடவேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

வெளிக்குப் போகும்போது ரத்தம் போய்க்கொண்டிருந்ததை மூலவியாதி என்று சொல்லி ரேடியோ தனக்குத்தானே சமாதானம் செய்துகொண்டிருந்தார். தெருவுக்கெல்லாம் வைத்தியம் சொல்கிற வாய், சொந்த விஷயத்தில் இறுக்கி மூடிக்கொண்டது. ஒருநாள் அவர் மனைவி கக்கூஸ் கழுவப் போனவள் பார்த்துவிட்டு, அன்றைக்கே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மூலமும் இல்லை, ஒன்றும் இல்லை. குடலின் கடைசி முனையில், வெளிவாசலை ஒட்டி, ஒரு கெட்ட கட்டி உட்கார்ந்திருந்தது. எடுப்பதானால் வாசலையும் சேர்த்துத்தான் எடுக்கவேண்டும். வாசலைத் தைத்து மூடிவிட்டு, குடலின் நுனியை இடது பக்க வயிற்று வழியாக வெளியே கொண்டுவந்து விடுவார்கள். அதன்மேல் ஒரு பை ஒட்டிக்கொள்ளவேண்டும். வருவதெல்லாம் அந்தப் பையில் வரும். ஆயுசுக்கும் அப்படித்தான்.

"இப்ப எடுத்தா நல்லா இருப்பீங்க. தள்ளிப்போட்டா என் கையில இல்ல" என்றார் டாக்டர்.

அடுத்து ஒரு நர்ஸம்மாவிடம் அனுப்பினார்கள். இந்தப் பை விஷயத்துக்கென்றே இருக்கிறவர் அவர். ஓட்டை எங்கே வரவேண்டும் என்று பேனாவால் குறி வைக்க வந்தார். உட்காரச் சொன்னார், குனியச் சொன்னார், நிற்கச் சொன்னார், இடது பக்கம் ஒரு குறி போட்டார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"சலூன்ம்மா."

"எப்படி நின்னு வேலை பாப்பீங்க? நான்தான் கஸ்டமர்னு வச்சுக்குங்க." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ரேடியோ அவருக்குப் பின்னால் போய் நின்றார். கை தானாகத் தூக்கிக்கொண்டது. குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பேனாக் குறிக்கும் நர்ஸம்மாவின் காதுக்கும் நடுவில் ஒரு சீப்பு நுழையாது.

"ஏம்மா, இதுல சத்தம் வருமா?"

"காத்து பிரியறப்ப வரும். அடக்க முடியாது. அதுக்கு நம்ம பேச்சு கேக்கத் தெரியாது."

ரேடியோ சட்டையை மாட்டினார். பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வெளியே அவருடைய மகளைக் கட்டியவர் ரொட்டி வேனோடு காத்துக்கொண்டிருந்தார். பேக்கரி வேன் ஓட்டுகிறவர். வாயில் ஈ புகுந்தாலும் சொல்லமாட்டார். "டாக்டர் என்ன சொன்னாருங்க மாமா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, வண்டிய எடுங்க" என்றார் ரேடியோ. அவரும் எடுத்துவிட்டார். வீடு வரும்வரை வேனுக்குள் ரொட்டி வாசனையைத் தவிர வேறொன்றும் இல்லை.

வீட்டில் கட்டிலில் உட்கார்ந்ததும், "ஆபரேஷன் வேண்டாம்" என்றார்.

"ஏனாம்?" என்றாள் மனைவி.

"வேண்டாம்னா வேண்டாம், விடு."

அவள் பிள்ளைகள் காப்பகத்தில் ஆயா. ஒரு குழந்தை பசிக்கு அழுகிறதா, ஈரத்துக்கு அழுகிறதா, சும்மா அழுகிறதா என்று அடுத்த அறையில் இருந்தே சொல்லிவிடுவாள். இந்த மனுஷனைக் கண்டுபிடிக்க அவளுக்கு எவ்வளவு நேரமாகும்?

"கடைய நினைச்சுப் பயப்படுறீங்க."

"பின்ன என்ன? ஒருத்தன் வந்து தலைய சாய்க்கிறான். காதுல டர்ருனு கேக்குது. அப்புறம் அவன் வருவானா? வாடை வேற அடிச்சா? தபால்காரனா இருந்தா பரவால்ல, வாசல்ல குடுத்துட்டுப் போயிடலாம். நான் ஆளு மூச்சு படுற தூரத்துல நின்னு பொழைக்கிறவன்டி."

"கடை போனா போகுது. நான் சம்பாதிக்கல?"

"நீ போடுறதத் தின்னுட்டு நான் மூலைல உட்காரவா?"

"உட்காருங்க. மூலைல உட்கார்ந்து பேசிட்டே இருங்க." அவள் கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். "விடிஞ்சா அடைஞ்சா பேசிப் பேசி என் உயிரை எடுக்குறீங்க. எப்படா இந்த வாய் ஓயும்னு நான் நினைக்காத நாளில்ல. இப்ப நிஜமாவே ஓஞ்சு போயிடுமோன்னு நினைச்சா பயமா இருக்கு. நீங்க பேசாத வீட்டுல எனக்கு என்னங்க வேலை?"

ரேடியோ தரையைப் பார்த்தார். முப்பத்துச் சொச்சம் வருஷத்தில் அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"கழுவுறதும் தொடைக்கிறதும் எனக்கு ஒரு வேலையா? ஊரார் பெத்த பிள்ளைங்களுக்குச் செய்யறேன், உங்களுக்குச் செய்யமாட்டேனா? அதுங்களாவது உதைக்கும். நீங்க உதைக்காம இருந்தாப் போதும்."

மறுநாள் காலையில் கண்ணாடி முன் நின்று முகத்துக்கு நுரை போட்டுக்கொண்டே, "சரி, எடுத்துடலாம்" என்றார். "ஆனா ஒண்ணு. பை விஷயம் உனக்கும் எனக்கும்தான். நம்ம பொண்ணுக்குத் தெரியக்கூடாது. மாப்பிள்ளைக்குத் தெரியவே கூடாது. கட்டிய எடுத்தாச்சு, அவ்வளவுதான் பேச்சு. சத்தியம் பண்ணு."

இதற்குமேல் இழுத்தால் இந்த மனுஷன் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்விழித்ததிலிருந்து ரேடியோ மட்டும் பேசவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் வானிலை பற்றி ஆரம்பித்துப் பார்த்தார், பலிக்கவில்லை. பை மாற்ற நர்ஸம்மா வந்தால் முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பிக்கொள்வார். மனைவிதான் எட்டி எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். சிவப்பாக, ஈரமாக, ஒரு ரோஜா மொட்டு அளவுக்கு இருந்தது. "அட, அழகாத்தாங்க இருக்கு" என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். அதற்கும் சுவர்தான் பதில்.

நர்ஸம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஐயா, இங்க பாருங்க. வீட்டுக்குப் புதுசா ஒரு ஆள் வந்திருக்காருன்னு வச்சுக்குங்க. எப்ப சத்தம் போடுவாரு, எப்ப சும்மா இருப்பாரு, எதப் போட்டா ஒத்துக்குவாரு, எதப் போட்டா முறுக்கிக்குவாருன்னு பழகித்தான் தெரிஞ்சுக்கணும். எதுத்துப் பேச முடியாது. அனுசரிச்சுத்தான் போகணும்."

"அப்ப மாப்பிள்ளைன்னு சொல்லுங்க" என்றாள் மனைவி, யோசிக்காமல்.

சுவர்ப் பக்கம் இருந்து ஒரு சத்தம் வந்தது. ரேடியோ சிரித்துக்கொண்டிருந்தார். தையல் வலிக்க, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "பாவம்டி நம்ம மாப்பிள்ளை, அவரு என்னைக்குச் சத்தம் போட்டாரு" என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

மொட்டுக்கும் பைக்கும் சேர்த்து மாப்பிள்ளை என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அக்கம்பக்கம் காது கொடுத்தாலும் விஷயம் தெரியாது என்பதால் வசதியாகவும் இருந்தது. வீட்டில் காலையில் எழுந்ததும், "மாப்பிள்ளை எப்படி?" என்பாள் அவள். "இன்னும் எழுந்திரிக்கல" என்பார் இவர். முட்டைகோஸ் போட்ட அன்றைக்கு மாப்பிள்ளை ஓயாமல் புலம்பினார். வெங்காயத்துக்கும் கோபம் வந்தது. முட்டை என்றால் ஊரைக் கூட்டும் வாடை. தயிரும் சோறும் ஒத்துக்கொண்டன. வெளியே யாராவது வந்திருக்கும்போது முனகினால் உள்ளங்கையை மெல்ல வைத்து அழுத்தினால் சத்தம் அமுங்கும் என்று நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தார்.

எல்லாம் பழகியது, பை ஒட்டுவதைத் தவிர. காலையில் ஒட்டினால் மத்தியானத்துக்குள் ஓரம் கிளம்பிக்கொள்ளும். ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னாலேயே கழன்று விட்டது. ரேடியோ எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மனைவி வெளியே நின்று, "கதவத் திறங்க, ஒண்ணும் முழுகிப் போகல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம்தான் கேட்டது. திறந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. "வீட்டுலயே நிக்கல இது. கடையில எங்கடி நிக்கப் போகுது" என்றார். கடை திறப்பது அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று போய்க்கொண்டே இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் வேறு, முளைத்த தாடியோடு தெருவில் மறித்து, "எம்மா, உன் வீட்டுக்காரன் எப்பத்தான் திறப்பான்? வேற கடைக்குப் போனா கழுத்து ஒடியுது" என்று சண்டைக்கு வந்தார்.

அதற்கு மேல் பொறுக்கமாட்டாமல் ஒரு சாயங்காலம் மனைவி நர்ஸம்மாவுக்குப் போன் போட்டாள். வாசல் பக்கம்தான் சிக்னல் கிடைக்கும். கதவருகில் நின்றுகொண்டு சத்தமாகப் பேசினாள். அவளுக்கு மெதுவாகப் பேசவே வராது, காப்பகத்து வழக்கம்.

"மாப்பிள்ளை தொல்லை தாங்க முடியல சிஸ்டர். சாப்பிட உட்கார்ந்தா சத்தம். முட்டை சாப்பிட்டாப் போதும், நாத்தம். அதக்கூடப் பொறுத்துக்கலாம், வீட்டோட ஒட்டவே மாட்டேங்குறாரு... ஆமாங்க... மலிவாக் கெடைச்சாருன்னு எடுத்தோம், அதான் இப்படியோ என்னமோ. வேற நல்லதா பாத்து மாத்திடலாம்னு இவரும் சொல்றாரு."

நர்ஸம்மா அந்தப் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக விசாரித்தார். ஒட்டுவதற்கு முன்னால் என்ன செய்கிறார்? பை ஒட்டும் இடத்தில் முடி இருக்கக்கூடாது என்று தினமும் வழிக்கிறார். வழித்த பிறகு? மனைவி திரும்பி உள்ளே பார்த்துக் கேட்டாள். ரேடியோ சொன்னார்: "வழிச்சப்புறம் என்ன செய்வாங்க? பவுடர் போடுவேன்."

போனுக்குள் நர்ஸம்மா சிரித்த சிரிப்பு உள்ளே வரைக்கும் கேட்டது. காலமெல்லாம் ஆயிரம் கன்னங்களுக்குச் செய்த கை, தன் வயிற்றையும் சும்மா விடவில்லை. வழித்து, துடைத்து, வாசனைப் பவுடரைப் பஞ்சில் எடுத்துத் தட்டித் தட்டிப் போட்டு, அதன்மேல் பையை ஒட்டினால் எங்கே ஒட்டும்? பவுடர் டப்பாவைப் பிடுங்கி மனைவி பரண்மேல் போட்டாள். அன்றிலிருந்து பை அசையவில்லை.

அந்தச் சாயங்காலம் போனை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தபோது, வெளித் தாழ்ப்பாளில் ஒரு பை ரொட்டி தொங்கியது. "மாப்பிள்ளை வந்துட்டு உள்ள வராமப் போயிட்டாரே" என்று இரண்டு பேரும் ஆச்சரியப்பட்டார்கள். வேலை அவசரமாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வேன்காரர் வரவே இல்லை. ரொட்டியும் வரவில்லை. மகளுக்குப் போன் போட்டால், "வேலை இருக்கும்மா" என்று வைத்துவிடுவாள். கொஞ்ச நாள் பொறுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் நேரில் வந்தாள். செருப்பைக் கழற்றிய வேகத்திலேயே தெரிந்துவிட்டது, சும்மா வரவில்லை என்று.

"அவரு உங்களுக்கு என்னப்பா கெடுதல் பண்ணாரு?"

"யாரும்மா?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போனா? ராப்பகலா யாரு வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருந்தா? அவரப் போயி மலிவாக் கெடைச்சாருன்னு அம்மா போன்ல யாருகிட்டயோ சொல்றாங்க. நாத்தமாம். ஒட்ட மாட்டேங்குறாராம். வேற பாத்து மாத்தப் போறீங்களாம். வாசல்ல நின்னு அவரே காதால கேட்டிருக்காரு."

ரேடியோவும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்கிட்டயும் வாயத் திறக்கல அந்த மனுஷன். நேத்து சாப்பிடறப்ப கேக்குறாரு, 'நான் சாப்பிட்டா சத்தம் வருதா?'ன்னு. முட்டைய ஒதுக்கி வச்சுட்டாரு. கடிக்கிறதுகூட வெளிய கேக்கக்கூடாதுன்னு ரொட்டியத் தண்ணில நனைச்சுச் சாப்பிடுறாருப்பா." மகள் அழ ஆரம்பித்தாள்.

அம்மாக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத நேரம், அவளுக்கே தெரிகிறது. முந்தானையை வாயில் அடைத்துப் பார்த்தாள், நிற்கவில்லை.

"சிரிக்கிறியா? நீயெல்லாம் ஒரு அம்மாவா?"

"ஏங்க, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள் அவள் மூச்சு வாங்க. "நான் சத்தியம் பண்ணியிருக்கேன். உங்க தலை மேல."

ரேடியோ வாயைத் திறந்தார். உலகத்து விஷயம் எல்லாம் பேசுகிறவருக்குத் தன் உடம்பைப் பற்றி, பெற்ற மகளிடம், எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மகள் செருப்பை மாட்டக் குனிந்தாள். போனால் திரும்பி வரமாட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. சட்டென்று எழுந்து, சட்டையை மேலே தூக்கினார்.

மகள் பார்த்தாள். வயிற்றில் ஒட்டியிருந்த பையைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், மறுபடி பையைப் பார்த்தாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அந்த நேரம் பார்த்து வயிற்றிலிருந்து நீளமாக ஒரு முனகல் வந்தது.

"இவரா?" என்றாள் மகள்.

"இவருதான்ம்மா" என்றார் ரேடியோ.

அவள் அழுதாளா சிரித்தாளா என்று சொல்லவே முடியாது. அப்பாவின் தோளில் குத்தினாள். "எங்கிட்டகூடவாப்பா மறைப்பீங்க? நான் யாரோவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "கூச்சமா இருந்துச்சும்மா" என்றார் அவர்.

"அவரு கீழ வேன்லதான் இருக்காரு. மேல வரமாட்டேன்னுட்டாரு."

ரேடியோ படியில் மெதுவாக இறங்கினார். வேன் கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வேன்காரர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோ எல்லாவற்றையும் சொன்னார். சிவப்பு மொட்டு, பை, பவுடர், நர்ஸம்மா சொன்னது, பெயர் வந்த கதை, ஒன்று விடவில்லை. மகளிடம் வராத வார்த்தையெல்லாம் இங்கே தட்டுத்தடுமாறி வந்துவிட்டது. "தப்புதான் மாப்பிள்ளை. உங்களச் சொல்லல. உங்கள அப்படிச் சொல்ல எங்களுக்கு நாக்கு வருமா? மகன் இல்லாத வீட்டுல நீங்கதான் எல்லாம். எனக்குத்தான் வெக்கம். உங்க முன்னாடி இப்படிப் பைய மாட்டிக்கிட்டு நிக்கணுமேன்னு."

வேன்காரர் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தார். பிறகு, "அப்ப நான் முட்டை சாப்பிடலாமா மாமா?" என்றார்.

"தாராளமா சாப்பிடுங்க."

"ரொம்ப ஆசையா இருந்துச்சு" என்றார் அவர். கொஞ்சம் கழித்து, "கடை எப்ப திறக்கப் போறீங்க?"

"திறக்கணும்" என்றார் ரேடியோ. குரலில் சுரத்தில்லை. "பை நிக்குது இப்ப. சத்தத்துக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல. நீங்களே சொல்லுங்க, தெரியாத ஆளா இருந்தா நீங்க வந்து உட்காருவீங்களா?"

வேன்காரர் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பித் தாடையைத் தடவிப் பார்த்தார்.

கடை ஒரு புதன்கிழமை திறந்தது. நாற்காலிக்குப் புதிதாகத் தலைக்கட்டை மாட்டியிருந்தார் ரேடியோ. கறுப்பு ரெக்சின், உள்ளே மரம். இனி யார் தலையும் வயிற்றில் படாது, ஓர் அடி தள்ளி நின்றுகொண்டு கையை நீட்டி வேலை பார்த்துவிடலாம் என்பது கணக்கு. மின்விசிறியையும் கடகடவென்று சத்தம் போடுகிற பழையதாகவே வைத்துக்கொண்டார். காலையில் வெறும் தயிர்ச்சோறு. நெற்றியில் வேர்வை.

முதல் ஆளாக வந்து நின்றவர் வேன்காரர். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் மாமனார் கடைக்கு வந்ததே இல்லை. மாமனார் வயிற்றில் தலை வைப்பதாவது என்று கூச்சப்பட்டு, அடுத்த தெருவில் வெட்டிக்கொள்வார். இன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ரேடியோ துணியைப் போர்த்திப் பின்னால் முடிச்சுப் போட்டார். நுரை குழைத்தார். பின்னாலேயே ஸ்டேஷன் மாஸ்டர் நுழைந்தார், புதராய் வளர்ந்த தாடியோடு. "திறந்துட்டியா? அடுத்தது நான்" என்று பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார்.

ரேடியோவுக்குப் பேச்சு வரவில்லை. வலது கன்னம் முடிந்து இடது கன்னத்துக்கு வந்தார். அப்போது மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது. கத்தி கன்னத்தில் ஓடுகிற சரசரப்பு மட்டும் கேட்டது. அந்த அமைதியில்தான், யாரோ நாற்காலியை இழுத்ததுபோல, வயிற்றிலிருந்து சத்தம் வந்தது.

கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரேடியோ அப்படியே நின்றார். ஸ்டேஷன் மாஸ்டர் பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என் வயிறுங்க" என்றார் வேன்காரர், முகம் முழுக்க நுரையோடு. "காலையில ஒண்ணும் சாப்பிடல."

"சாப்பிட்டு வர்றதுதானே தம்பி" என்று ஸ்டேஷன் மாஸ்டர் மறுபடி பேப்பருக்குள் போனார்.

கேட்காமல் வாய் திறக்காத மனுஷன், யாரும் கேட்காமலே ஒரு பொய்யை எடுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தார் ரேடியோ. வேன்காரர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இன்றைக்கு இப்படித் தப்பித்துவிடலாம். நாளைக்கும் நாளன்றைக்கும் இந்த நாற்காலியில் யார் உட்காருவார்கள்? தனக்காக இன்னும் எத்தனை பேர் ரொட்டியை நனைத்துச் சாப்பிடவேண்டும்? ரேடியோ கத்தியைக் கீழே வைத்தார்.

"அவரு வயிறு இல்ல சார்" என்றார். "என்னுது."

ஸ்டேஷன் மாஸ்டர் பேப்பரை மடித்தார்.

"கட்டிய எடுக்குறப்ப பின்வாசல மூடிட்டாங்க சார். இப்ப வயித்துல, இந்தப் பக்கம், ஒரு பை மாட்டியிருக்கு. சுத்தமாத்தான் வச்சிருக்கேன். வாடை வராது. சத்தம் மட்டும் அது பாட்டுக்கு வரும், என்னால அடக்க முடியாது. சொல்லிட்டேன். உங்களுக்குச் சரிப்பட்டு வரலன்னா ஒண்ணும் வருத்தமில்ல, வேற கடைக்குப் போங்க."

ரேடியோ திரும்பி வேன்காரரின் இடது கன்னத்தை முடித்தார். துணியை அவிழ்த்து உதறும்போது பெஞ்ச் கிறீச்சிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து வாசலுக்குப் போனார். வெளியே எட்டி ஒருமுறை துப்பினார். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

வேன்காரர் பெஞ்சுக்கு நகர்ந்தார், போகவில்லை.

ரேடியோ புதுத் துணி எடுத்துப் போர்த்தினார். பெரியவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, உடனே நிமிர்ந்து, கையைப் பின்னால் கொண்டுபோய்த் தலைக்கட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"என்னது இது?"

"தலை வைக்க, சார்."

"கழட்டு."

ரேடியோ திருகைச் சுழற்றிக் கழற்றினார். கட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். வேன்காரர் எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டார்.

"எந்தப் பக்கம் சாயணும்?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"வலது பக்கம், சார்."

அவர் சாய்ந்துகொண்டார்.